நஞ்சம்மாள் பரிசுத்தமான கதை

பீளமேட்டில் ஒரு கல்லூரி விடுதியில் பதினெட்டு வருஷமாகச் சமைத்துப் போடும் நஞ்சம்மாளுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். காய்கறிக்காரர், கேஸ் சிலிண்டர் இறக்குகிறவர், விடுதி வார்டன், வார்டனின் நாய் என்று அந்த நாக்குக்குத் தப்பியவர் யாரும் இல்லை. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதும் இல்லை. திட்டி முடித்த கையோடு ஒரு தட்டில் சோறு போட்டு நீட்டிவிடுவாள் என்பதால் சிலர் திட்டு வாங்குவதற்கென்றே சாப்பாட்டு நேரத்தில் வருவதும் உண்டு.

ஆனால் பங்குனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அவள் சொன்ன வார்த்தை அப்படிப்பட்டதல்ல. மருமகள் ஹர்ஷிணிக்கு ஐந்து மாதக் கரு கலைந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பால் பொங்கி வழிந்தது. குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்த நஞ்சம்மாள் சொன்னாள்: “அடுப்புல வெச்ச பாலப் பாத்துக்கத் துப்பில்ல. வயித்துல இருந்தது எப்படித் தங்கும்?”

ஹர்ஷிணி அடுப்பை அணைத்தாள். வழிந்த பாலைத் துணியால் துடைத்தாள். துணியை அலசிக் கொடியில் போட்டாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு, அவிநாசியில் இருக்கும் தாய்வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். மகன் பிரான்சிஸ் அன்று மாலை ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்து, நடந்ததைக் கேட்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் தன் சட்டைகளை மடித்து எடுத்துக்கொண்டு அவனும் அங்கேயே போனான்.

நஞ்சம்மாள் பத்துத் தடவையாவது போனைக் கையில் எடுத்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் பயம் வந்தது. இந்த நாக்கு மன்னிப்புக் கேட்கப் போய் இன்னொன்றைச் சொல்லித் தொலைத்தால்? முதலில் இதை அடக்க வேண்டும், பிறகுதான் அவள் முகத்தில் முழிக்க வேண்டும் என்று தீர்மானித்தாள். கடவுளால் முடியாதது உண்டா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேரே போதகரிடம் போனாள்.

அவள் போகும் நித்திய மேன்மை சபை, மூடிப்போன ஒரு பஞ்சாலையின் கிடங்கில் நடக்கிறது. அதன் போதகர் டாக்டர் எட்வின் தயாளன், ஊழியத்துக்கு வருமுன் இருபது வருஷம் ஒரு பம்ப்செட் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்தவர். பம்ப்செட்டில் அவ்வளவு கண்டிப்பாக இருந்தவர் ஆத்துமா விஷயத்தில் தளர்வாக இருப்பாரா? வந்த மறுவருஷமே ‘பரிசுத்தத் தர மேம்பாட்டுப் பிரிவு’ என்று ஒன்றைத் தொடங்கி, விசுவாசிகளை வெள்ளி, பொன், வைரம் என்று தரம் பிரித்துவிட்டார். தரமில்லாதவர்கள் கடைசி நான்கு வரிசைகளில், மின்விசிறி இல்லாத பக்கம் உட்கார்ந்தார்கள். நஞ்சம்மாள் ஒன்பது வருஷமாக அங்கேதான் உட்காருகிறாள்.

“ஐயா, என்ற நாக்க எப்படிங்க அடக்கறது? மருமகளப் பாத்து ஒரு வார்த்த சொல்லிப்போட்டனுங்க...”

போதகர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்.

“ஸ்தோத்திரம் சிஸ்டர். உங்க வாஞ்சை எனக்குப் புரியுது. ஆனா பாவத்த எங்கிட்டச் சொல்லக் கூடாதுங்க. எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்குது. பம்ப் ரிப்பேர்னா எம்.டி. ரூமுக்கா தூக்கிட்டு வருவாங்க? சர்வீஸ் கவுண்டருக்குப் போங்க.”

கவுண்டர் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் பிரதர் காலேப் உட்கார்ந்திருந்தார். முன்பு காளிச்சாமியாக இருந்து காலேப் ஆனவர், வைரத் தரம்.

“பேரு சொல்லுங்க.”

“நஞ்சம்மாளுங்க.”

காலேப் தட்டினார். கம்ப்யூட்டர் திரை சிவப்பானது. மறுபடி தட்டினார். மறுபடி சிவப்பு.

“சிஸ்டம் ஏத்துக்க மாட்டேங்குதுங்க. ‘நஞ்சு’ன்னு வருதில்லீங்களா? விஷம், சாராயம், சூனியம் இந்த மாதிரி வார்த்தையெல்லாம் வந்தா அதுவே நிறுத்திப்போடும்.”

“எங்கப்பன் வெச்ச பேருங்க. முப்பது வருஷத்துக்கு முன்னால ஞானஸ்நானம் குடுத்த ஐயா இந்தப் பேரச் சொல்லித்தானுங்க தண்ணில முக்குனாரு.”

“அப்ப சாஃப்ட்வேர் இல்லீங்க அம்மணி.”

காலேப் போனில் இரண்டு பேரிடம் ஆலோசனை கேட்டார். நஞ்சுக்கு மாற்று அமிர்தம்தானே என்று ஒருவர் சொன்னார். அமிர்தம் வேற மதத்தோட சரக்கு என்று இன்னொருவர் சொன்னார். கடைசியில் நஞ்சு மட்டும் நீக்கப்பட்டு, அவள் ‘அம்மாள்’ என்று பதிவானாள்.

அடுத்து பாவத்தின் வகை. பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு பாவங்கள் இருந்தன. நாக்கு பதினான்காம் எண். அதில் பொய், புறணி, கடுஞ்சொல் என்று பிரிவுகள். கடுஞ்சொல்லிலும் உட்பிரிவுகள்: அந்நியரிடம், குடும்பத்தாரிடம், சபை நிர்வாகத்தாரிடம். இதில் கடைசிக்குத்தான் தண்டனைப் புள்ளி அதிகம்.

“குடும்பந்தானுங்க. பால் பொங்கிப்போச்சுங்க, அந்தப் புள்ள ஜன்னலப் பாத்துட்டு நின்னுச்சு, அப்ப நானு...”

“விவரம் வேண்டாங்க. விவரம் எழுதக் கட்டமில்லை. நம்பர் போதும்.” காலேப் பொத்தானை அழுத்தினார். “உங்க ஆரம்ப மதிப்பெண் நாப்பத்தொண்ணு. எழுபது வந்தா வெள்ளி. நாப்பது நாள்ல தேத்திப்போடலாம், தைரியமா இருங்க.”

அவள் போனில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தார்கள். தினமும் மாலை ஆறு மணிக்கு அது மணியடித்து, ‘இன்று கோபம் வந்ததா?’ என்று கேட்கும். ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். நஞ்சம்மாள் முதல் நாள் ‘ஆம்’ என்று அழுத்தினாள். மதிப்பெண் முப்பத்தெட்டு ஆனது. இரண்டாம் நாள், சாம்பாரில் புளி அதிகமாகப் போட்ட உதவியாளைத் திட்ட வாயெடுத்து, உதட்டைக் கடித்து, கொல்லைப்பக்கம் போய் நின்று திரும்பி வந்தாள். பதினெட்டு வருஷத்தில் அவள் திட்டாமல் விட்ட முதல் சாம்பார் அது. ஆனாலும் கோபம் வந்தது வந்ததுதானே? ‘ஆம்’ என்றே அழுத்தினாள். முப்பத்தைந்து.

ஜெபக்கூட்டத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்த சிஸ்டர் எஸ்தர் அவள் போனை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். எஸ்தர் வைரத் தரம். ஆயிரத்து நூற்று நாற்பது நாளாக அவளுக்குக் கோபமே வந்ததில்லை. அதற்காக சபை கொடுத்த, கல் வைத்த ஊசிப் பதக்கம் ஒன்றைச் சேலையில் குத்தியிருந்தாள்.

“ஏன் சிஸ்டர், உங்களுக்கு விவரமே இல்லையா? ‘இல்லை’ன்னு அமுத்தோணும்.”

“வந்துச்சுங்களே?”

“விசுவாசத்தோட அமுத்துங்க. அமுத்துனா அது தானா போயிரும்.”

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, தன் ஸ்கூட்டரை மறித்து ஆட்டோவை நிறுத்தியிருந்த டிரைவரின் மூன்று தலைமுறையை எஸ்தர் விசாரித்துக்கொண்டிருந்தாள். மணி ஆறடித்தது. பேச்சை நிறுத்தாமலே கட்டைவிரலால் ‘இல்லை’ என்று அழுத்தினாள். ஆயிரத்து நூற்று நாற்பத்தொன்று.

மூன்றாம் வாரம் வீட்டு ஆய்வு வந்தது. இரண்டு பிரதர்களும் ஒரு சிஸ்டரும் கழுத்தில் அட்டையோடு வந்தார்கள். படுக்கையிலிருந்து வேதப் புத்தகத்துக்கும் டிவிக்கும் இருக்கும் தூரத்தை டேப்பால் அளந்தார்கள். வேதாகமம் படுக்கையிலிருந்து நான்கு அடிக்குள் இருக்க வேண்டுமாம், டிவி பத்து அடிக்கு அப்பால். நஞ்சம்மாளின் வீடே ஒன்பதடி. ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்து, தோசைமாவு புளித்திருப்பதைக் குறித்துக்கொண்டார்கள். ஏன் என்று அவள் கேட்டதற்கு, வேதத்தில் புளித்த மாவு பாவத்துக்கு அடையாளம், ஆவிக்குரிய விதத்தில் யோசிக்க வேண்டிய விஷயம் என்றார்கள்.

பிறகு ஒருவர் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பச்சைச் சுடிதாரைத் தொட்டுப் பார்த்தார்.

“இது யாருதுங்க?”

“என்ற மருமகளுதுங்க. எடுத்துட்டுப் போகாம உட்டுட்டா. அவளப் பாத்து நான் என்ன சொன்னேன்னா...”

“அது குடும்ப ஆலோசனைப் பிரிவுங்க. புதன்கிழமை. நாங்க வீட்டுப் பொருள் மட்டுந்தான் பாக்கறது.” அவர் அட்டையில் எழுதிக்கொண்டார்: ஒழுங்கற்ற உடை, ஒன்று.

புதன்கிழமை போனாள். குடும்ப ஆலோசனைப் பிரிவில் கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தால்தான் டோக்கன் என்றார்கள். “அவரு செத்து பதினோரு வருஷமாச்சுங்க” என்றாள். அப்படியானால் விதவைகள் பிரிவு, இரண்டாவது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை போனபோது விதவைகளுக்குத் தையல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு தலையணை உறை தைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகுதான் தாழ்மைத் தேர்வு. வருஷத்துக்கு ஒரு முறை நடப்பது. இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியது போல ஒருவர் காலை ஒருவர் கழுவ வேண்டும். ஜெயிக்கிறவருக்கு மூன்றடி உயரக் கோப்பை. கோப்பைக்காகப் போன வருஷம் இரண்டு சபை மூப்பர்கள் கைகலந்து, ஒருவருக்குப் பல் போனது. இந்த வருஷம் மேடையில் வெள்ளைக் கம்பளம் விரித்து, பன்னீர் கலந்த தண்ணீர் வைத்து, மூன்று கேமராக்களும் வைத்திருந்தார்கள். கழுவப்படும் கால்கள் வீட்டிலேயே நன்றாகக் கழுவப்பட்டிருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை போயிருந்தது.

போதகர் தொடங்கி வைத்துப் பேசினார்.

“கர்த்தருக்குள் பிரியமானவர்களே! மத்த சபைகள்ல தாழ்மை இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். இருக்குது. ஆனா அது லோக்கல் தாழ்மை. நம்மளது ஏற்றுமதித் தரம்! தாழ்மைல நம்மள அடிச்சுக்க இந்த மேற்கு மண்டலத்துல ஒருத்தன் கிடையாதுன்னு நான் நெஞ்ச நிமித்திச் சொல்லுவேன். போன மாசம் ஈரோட்ல ஒரு போதகரு எனக்கு முன்னால குனிஞ்சாரு. நான் விட்டனா? அவர விட ரெண்டு இஞ்ச் கீழ குனிஞ்சு காட்டுனேன்!”

கைதட்டலில் கிடங்கின் தகரக் கூரை அதிர்ந்தது.

நஞ்சம்மாளுக்கு இணையாகக் குறிக்கப்பட்டிருந்த சிஸ்டர் வரவில்லை. கால் நகத்துக்குப் பூசிய சாயம் காயவில்லையாம். யாரையாவது கூட்டி வாருங்கள் என்றார்கள். அவள் வாசலுக்குப் போய், வாட்ச்மேன் மாசாணத்தைக் கூட்டி வந்தாள். மாசாணம் விடிந்ததிலிருந்து கார்களுக்கு இடம் காட்டியவர். காலெல்லாம் சேறு. குதிகாலில் பாளம் பாளமாக வெடிப்பு.

“வேண்டாங்கக்கா, நாறும்” என்று அவர் காலை இழுத்துக்கொண்டார்.

“சும்மா காட்டுங்க. நானூறு பேரு தின்ன அண்டாவக் கழுவறவ நானு.”

அவள் அண்டா கழுவுகிற மாதிரியேதான் கழுவினாள். வெடிப்புக்குள் இருந்த மண்ணை விரல் நுனியால் எடுத்தாள். தண்ணீர் கறுத்தது. வெள்ளைக் கம்பளம் மேடையின் பாதி தூரத்துக்குக் கறையானது. அனுமதிக்கப்பட்ட நேரம் மூன்று நிமிடம். அவள் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்டாள். நேரம் கடந்ததற்கும், சபைச் சொத்தைச் சேதப்படுத்தியதற்கும், பட்டியலில் இல்லாத காலைக் கழுவியதற்கும் அவள் தகுதிநீக்கம் செய்யப்பட்டாள். மதிப்பெண் பத்தொன்பது.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் கேமரா பிடித்த பையன்களில் யாரோ அந்தப் பதினைந்து நிமிடத்தை இணையத்தில் போட்டுவிட்டார்கள். இரண்டு நாளில் எண்பதாயிரம் பேர் பார்த்தார்கள். மூன்றாம் நாள் போதகரே நஞ்சம்மாளை அழைத்தார். இந்த முறை எம்.டி. ரூமுக்கு.

“சிஸ்டர் அம்மாள்! உங்களப் பொன் தரத்துக்கு உயர்த்தியாச்சு. வர ஞாயித்துக்கிழமை பரிசுத்தப் பெருவிழா. ஆறு நாட்டுல நேரலை போகுது. நீங்கதான் முக்கிய சாட்சி.”

“நாக்கு இன்னும் அடங்கலீங்களே ஐயா?”

“அடங்கியாச்சு. மேல ஏத்தியாச்சு பாருங்க.” கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். எழுபத்தெட்டு என்று இருந்தது.

சனிக்கிழமை மதியம் போதகர் முன்னிலையில் ஒத்திகை. காலேப் ஒரு தாளை அவள் கையில் கொடுத்தார். அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். நான் கோபக்காரியாக இருந்தேன். என் மருமகளை வார்த்தையால் காயப்படுத்தினேன். நித்திய மேன்மை சபையின் நாற்பது நாள் பயிற்சியால் என் நாக்கு பரிசுத்தமானது. என் மருமகள் என்னை மன்னித்துத் திரும்பி வந்துவிட்டாள். இதோ! இந்த இடத்தில், மருமகள் ஓடி வந்து கட்டிக்கொள்ளவும், கீபோர்டு, என்று அடைப்புக்குறிக்குள் இருந்தது.

“அவ வரலீங்களே?”

“தெரியுங்க அம்மணி. அதுக்குத்தான் ஏற்பாடு பண்ணியிருக்கறம்.” பாடகர் குழுவிலிருந்து நந்திதா என்ற கல்லூரிப் பெண் இரவல் பட்டுச்சேலையில் வந்து நின்றாள். “இதான் உங்க மருமக. ஓடி வரும்போது மைக் ஒயர் தடுக்காமப் பாத்துக்கோணும், வேறொண்ணுமில்லை.”

அந்தப் பெண் தயங்கித் தயங்கி ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு, “அத்தை, உங்கள மன்னிச்சுட்டனுங்க” என்றது.

நஞ்சம்மாள் அந்தப் பெண்ணின் கைகளை மெல்ல விலக்கினாள். நாற்பது நாள் அடக்கி வைத்திருந்தது அப்போது வந்தது.

“ஏனுங்க, உங்களுக்கெல்லாம் வெக்கமா இல்ல? நாப்பது நாளா நான் சொன்ன வார்த்தை என்னன்னு சொல்ல வாயத் தொறக்கறேன். ஒருத்தராச்சும் கேட்டீங்களா? நம்பர் கேட்டீங்க. டேப்பு புடிச்சு ஊட்ட அளந்தீங்க. மாவு புளிச்சதப் பாத்தீங்க, அந்தப் புள்ளயோட வயிறு எரிஞ்சதப் பாத்தீங்களா? என்ற புள்ளைக்குப் புள்ள செத்துப்போச்சுங்கய்யா! அதுக்குக் கீபோர்டு வாசிக்கறீங்களா?”

போதகர் நிதானம் இழக்கவில்லை. அவர் வைரத்துக்கும் மேல்.

“சிஸ்டர், ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. நடந்தது வேற, சாட்சி வேற. நடந்தது உங்களோடது. சாட்சி சபையோடது. நடக்கற வரைக்கும் காத்திருந்தா இந்த உலகத்துல எந்தச் சபைலயாவது ஒரு விழா நடத்த முடியுங்களா?”

“பாவத்தச் செஞ்சவ நானு. மன்னிக்கறதா வேண்டாமான்னு சொல்ல வேண்டியவ அவ. நடுவுல நீங்க ஆருங்க?” என்றாள் நஞ்சம்மாள். பிறகு அவள் குரல் இறங்கியது. தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள்: “அவிநாசி ஒரு மணி நேரந்தான். நாப்பது நாளா நானும் இங்கயே வந்து உக்காந்துட்டிருக்கறேன்.”

காலேப் செயலியைத் திறந்து சபை நிர்வாகத்தாரிடம் கடுஞ்சொல் என்ற பிரிவைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் படியிறங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிப் பார்த்தாள். கருமத்தம்பட்டி தாண்டுவதற்குள் எல்லாம் கலைந்துவிட்டது. அவிநாசியில் இறங்கியபோது மிச்சமிருந்தது வியர்வை மட்டும்தான்.

ஹர்ஷிணிதான் கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். பிரான்சிஸ் ஓவர்டைம் போயிருந்தான். அவள் பெற்றோர் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள்.

“வாங்க” என்றாள். அத்தை என்று சொல்லவில்லை.

நஞ்சம்மாள் வாசற்படியைத் தாண்டவில்லை. “உன்னயக் கூப்பிட்டுட்டுப் போக வரலீங் கண்ணு. அன்னைக்கு நான் சொன்ன வார்த்தை...”

“திருப்பிச் சொல்லாதீங்க.”

“சொல்லல. அது என்ற நாக்கு பண்ணுன வேலைன்னு இத்தன நாளா நெனச்சுட்டிருந்தேன். நாக்கு இல்ல கண்ணு. நாந்தான். பேரன் வருவான்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருந்தேன். அது போனதும் எனக்குத்தான் போச்சுன்னு நெனச்சுப்போட்டேன். உனக்குப் போச்சுன்னு நெனைக்கல.”

அந்த நேரம் உள்ளே ஹர்ஷிணியின் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தபடி வாசலுக்குத் திரும்பியவளின் முகம் சுருங்கியது. “நானா? நான் ஊட்லதான்டி இருக்கறேன்... என்னடி உளர்ற?” என்றாள். பீளமேட்டிலிருந்து பேசிய சிநேகிதி ஏதோ அனுப்பியிருந்தாள். ஹர்ஷிணி அதைத் தொட்டாள்.

நேரலை ஓடியது. மேடையில் நஞ்சம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அதாவது, முக்காடு போட்ட சிஸ்டர் எஸ்தர். கீழே ‘சிஸ்டர் அம்மாள்’ என்று எழுத்து ஓடியது. எஸ்தர் தான் மருமகளைக் காயப்படுத்திய கதையைச் சொல்லி, வராத கண்ணீரைத் துடைத்தாள். அதே இரவல் பட்டுச்சேலையில் இன்னொரு ஹர்ஷிணி மேடையின் ஓரத்திலிருந்து ஓடி வந்தாள். மைக் ஒயர் தடுக்கவில்லை. கட்டிக்கொண்டாள். “அத்தை, உங்கள மன்னிச்சுட்டனுங்க!” கீபோர்டு. ஆயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். போதகர் இருவர் தலைமேலும் கை வைத்து, இதுதான் ஏற்றுமதித் தரம் என்றார்.

வாசலில் நின்ற இருவரும் அதைக் கடைசிவரை பார்த்தார்கள். ஹர்ஷிணி போனை அணைத்தாள்.

“நான் இன்னும் மன்னிக்கலீங்க” என்றாள்.

“தெரியுங் கண்ணு.”

“மன்னிப்பனான்னும் தெரியலீங்க.”

“செரி.”

நஞ்சம்மாள் திரும்பிச் செருப்பை மாட்டினாள். ஒரு கால் மாட்டியிருந்தபோது பின்னாலிருந்து ஹர்ஷிணியின் குரல் வந்தது.

“பையனுங்க அத்தை. ஆஸ்பத்திரில ஒரு துணில சுத்திக் காட்டுனாங்க. நான் பேரு வெச்சிருந்தேன். என்ன பேருன்னு இன்னைக்கு வரைக்கும் யாருமே கேக்கல.”

நஞ்சம்மாள் மாட்டிய செருப்பைக் கழற்றினாள்.

“என்ன பேரு கண்ணு?”